உண்பவர் அறியாத மருந்து

பண்ருட்டியை அடுத்த ஒரு சிற்றூரில் வாழும் என் அத்தைக்கு அகவை 72. நாள்தோறும் காலையில் தமிழ்ச் செய்தித்தாளை முதற்பக்கந் தொடங்கி இறுதிப் பக்கம்வரை, மணமக்கள் தேவை என்னும் விளம்பரம் உட்பட, படித்து முடித்த பின்னரே அடுப்படிக்குள் நுழையும் வழக்கமுடையவர். தெருவில் எவர்க்கேனும் அரசு அலுவலகத்திலிருந்து தமிழில் ஓலை வந்தால் அதைப் படித்துப் பொருள் சொல்பவரும் அவரே. அவர்க்குக் குருதியழுத்தம் மிகுதி. ஒன்பது ஆண்டுகளாக அதற்கு மாத்திரை உண்டு வருகிறார்.

சென்ற ஆண்டு, மருத்துவரைக் கண்டு சீட்டைப் புதுப்பித்து வந்த மறுகிழமை, பெயரனைக் கடைக்கு அனுப்பி மாத்திரை வாங்கி வரச் செய்தார். கடையில் வழக்கமான மாத்திரை தீர்ந்துபோயிருந்தமையால், கடைக்காரர் வேறொரு நிறுவனம் செய்த அதே மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். அட்டையின் நிறம் வேறு; வணிகப்பெயர் வேறு; மாத்திரையின் வடிவம் வேறு. வீட்டிலோ பழைய அட்டையில் பதினொரு மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. அத்தை காலையில் பழையதில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாக உண்ணத் தொடங்கினார். ஒன்பதாம் நாள் கிணற்றடியில் தலைசுற்றி வீழ்ந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது நாடித்துடிப்பு 44. அழுத்தத்தின் மேலெண் 96. பணியிலிருந்த இளமருத்துவர் இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதான் அம்மா, அதெனலால் 50, அம்லோடிபின் 5" என்றார்.

"மருத்துவர் புதிதாக ஒன்று சேர்த்துக் கொடுத்திருக்கிறார் என்றன்றோ நினைத்தேன், தம்பி" என்றார் அத்தை என்னிடம், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு.

இதில் எவரைக் குற்றங் கூறுவது? மருத்துவர் எழுதிய மருந்து சரியான மருந்து. கடைக்காரர் கொடுத்ததும் அதே மருந்து. அத்தை ஒரு வேளையும் தவறாமல் உண்டவர். மூவரும் தத்தம் வேலையைச் செய்தனர், கை முறிந்தது. அந்த இரண்டு அட்டைகளிலும் அதெனலால், அம்லோடிபின் என்னும் இரு பெயர்களும் அச்சாகித்தான் இருந்தன, ஆங்கில எழுத்தில். செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கும் ஒருவர், தம் வாயிலிடும் மருந்தின்முன் மட்டும் எழுத்தறியாதவராக நிறுத்தப்பட்டார். தமிழ் தாழ்ந்தால் தமிழன் தாழ்வான் என்பதை நாம் மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அது கிணற்றடியில் ஒரு கிழவியின் எலும்பு முறியும் ஓசையாகவும் கேட்கும் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

ஆயினும் பழி முழுவதையும் ஆங்கிலத்தின்மேல் ஏற்றிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள இயலாது. நம்மிடமுள்ள சொல்லொன்றும் இந்நோயில் பெருந்தீங்கு செய்து வருகிறது. 'கொதிப்பு' என்னும் சொல்லைக் கூறுகிறேன். மக்கள் வழக்கில் இந்நோய்க்குக் குருதிக் கொதிப்பு என்பதே பெயர். கொதிப்பு என்றவுடன் என்ன தோன்றுகிறது? சினம், படபடப்பு, முகஞ் சிவத்தல், தலை வெடிப்பதுபோன்ற வலி. ஆதலால், "எனக்குச் சினமே வருவதில்லை, எனக்கேன் கொதிப்பு?" என்று ஒருவர் மாத்திரையைத் தொடுவதில்லை. இன்னொருவர் தலைவலி வந்த நாளில் மட்டும் ஒன்று விழுங்குகிறார். மற்றொருவர், "இப்போது கொதிப்பு அடங்கிவிட்டது" என்று தாமே நிறுத்திவிடுகிறார். உண்மையில் இந்நோய் பெரும்பாலார்க்கு எவ்வகை உணர்வையும் தருவதில்லை. வயலுக்கு நீர் செல்லும் குழாயில் அழுத்தம் மிகுந்தால் குழாய் ஓசையிட்டு அழுவதில்லையே. ஒருநாள் மூட்டில் பிளந்துவிடுகிறது. குருதிக்குழாயும் அவ்வாறே ஆண்டுக்கணக்கில் அமைதியாய் நைந்து, ஒருநாள் மூளையில் வெடிக்கிறது, அல்லது அடைபடுகிறது. நெஞ்சாங்குலையும் சிறுநீரகமும் அதே பாடு படுகின்றன. 'அழுத்தம்' என்பதே பொருந்திய சொல். அளந்தாலன்றித் தெரியாதது என்னும் பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. மேலெண் 140, கீழெண் 90 என்னும் அளவைப் பலமுறை தாண்டி நின்றால் அது நோய்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் 30 முதல் 79 அகவைக்குட்பட்டோரில் ஏறத்தாழ 18 கோடியே 80 இலக்கம் பேர்க்கு இந்நோய் உண்டு. அவர்களுள் தமக்கு நோயிருப்பது தெரிந்தவர் நூற்றுக்கு 37 பேரே. அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர் நூற்றுக்கு 15 பேர். மருந்து இல்லாமலா இந்நிலை? மருந்து மலிவாகவே கிடைக்கிறது. நம் நாட்டில் 2021 ஆகத்து 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வாயிலாக வீட்டுத் திண்ணைக்கே மாத்திரை வந்து சேர்கிறது, நல்ல திட்டம். ஆனால், திண்ணைக்கு வந்த மருந்து மனத்துக்குள்ளும் போய்ச் சேரவேண்டுமே!

இங்கு நம் அன்பர் சிலர்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். தூய தமிழ் பேசும் ஆர்வத்தோடு, "ஆங்கில மருந்தை அறவே தொடேன், நம் மூலிகை இருக்க அயலான் மருந்து எதற்கு?" என்று சூளுரைப்போர் நம்மிடையே உளர். அவர்களுடைய பற்றை நான் மதிக்கிறேன், முடிவை மதிக்கவில்லை. முதலில், 'ஆங்கில மருந்து' என்னும் பெயரே பிழை. எனலாபிரில் வகை மருந்துகளுக்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டுக் காட்டில் வாழும் ஒரு நச்சுப் பாம்பு. அதன் நஞ்சிலுள்ள பொருளைச் செர்சியோ பெரெய்ரா என்னும் பிரேசில் ஆய்வாளர் 1960களில் கண்டறிந்தார். அதன் தடம்பற்றிச் செய்யப்பட்ட காப்டோபிரில் 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்கும் முன்பே, வடமொழியார் சர்ப்பகந்தா என்றழைக்கும் செடியின் வேர் குருதியழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் உருசுத்தம் சால் வக்கீல் 1949இல் பிரித்தானிய நெஞ்சாங்குலை மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். 1952இல் அவ்வேரிலிருந்து இரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதாவது, இந்நிலத்து வேரொன்றும் அயல்நாட்டுப் பாம்பொன்றும் தந்த அறிவை, நாம் அதன் மேலட்டையிலுள்ள எழுத்தைக் கண்டு ஆங்கிலனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்! அந்த இரெசர்பினும் மிகுந்த அளவில் உண்டவருள் சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியது என்பதையும் மறத்தலாகாது. வேரிலிருந்து வந்ததால் தீங்கில்லை என்பது வெறும் நம்பிக்கை.

இம்மருந்துகள் இல்லாத காலம் எத்தகையது? 1945 ஏப்பிரல் 12ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்குளின் உரூசுவெல்ட்டு மூளைக்குள் குருதி கசிந்து இறந்தார். அவர் மயங்கிச் சாய்ந்தபின் அளந்த அழுத்தம் 300/190. உலகப் போரை நடத்திய வல்லரசின் தலைவர்க்கு அன்று உப்பைக் குறையுங்கள், ஓய்வு கொள்ளுங்கள் என்பதற்கு மேல் பயனுள்ளதாகச் சொல்ல அவர்தம் மருத்துவர்களிடம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. அவர்க்குக் கிட்டாத மருந்து இன்று பண்ருட்டிக் கடையில் சில காசுக்குக் கிடைக்கிறது. அதை எறிவது பற்றன்று.

இனி, இம்மருந்துகளை எவ்வாறு உண்பது என்பதற்கு வருவோம். மருந்துக்கு மருந்து வேலை வேறு. அம்லோடிபின் குருதிக்குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. அதெனலால், மெட்டோபுரோலால் போன்றவை நெஞ்சாங்குலையின் துடிப்பைத் தணிக்கின்றன. நீர்ப்பெருக்கி மாத்திரை உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. எனலாபிரில், தெல்மிசார்த்தன் ஆகியன குழாயை இறுக்கும் உடற்சுரப்பு ஒன்றன் வேலையைத் தடுக்கின்றன. எவர்க்கு எது என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்; அடுத்த வீட்டுக்காரர்க்கு ஒத்தது நமக்கு ஒவ்வாது. கருவுற்ற பெண்டிர்க்கு எனலாபிரிலும் தெல்மிசார்த்தனும் ஆகவே ஆகா. கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தை அவை கெடுக்கும். கருத்தரிக்கும் அகவையிலுள்ள பெண்ணுக்கு இம்மாத்திரை கொடுக்கப்பட்டிருந்தால் அவள் அதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஒவ்வொரு மருந்தும் தன் தடத்தை உடலில் காட்டும். அத்தடத்தைப் புதுநோய் என்று மயங்குவதே நான் மிகுதியாகக் காணும் கேடு. அம்லோடிபின் உண்பவர் சிலர்க்குக் கணுக்கால் வீங்கும். அது மருந்தால் வந்தது என்று அறியாமல் வீக்கத்துக்கென்று வேறொரு மருத்துவரிடம் போய் நீர் மாத்திரை வாங்கி உண்பர். அதனால் சோர்வு வரும். சோர்வுக்கு ஊட்டநீர் ஏற்றிக்கொள்வர். எனலாபிரில் உண்பவருள் பத்துப் பேரில் ஒருவர் அளவில் வறட்டு இருமல் வரும். சளியில்லை, காய்ச்சலில்லை, இரவெல்லாம் தொண்டை அரிக்கும். நம் வீட்டில் இருமலுக்கு என்ன கொடுப்போம்? அதிமதுரம். வாயிலிட்டுச் சுவைத்தால் தொண்டைக்கு இதம், உண்மைதான். ஆனால் அதிமதுரத்தின் இனிப்புப் பொருள் உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் இயல்புடையது; நாள்தோறும் உண்டுவந்தால் குருதியழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறியதைக் கண்ட மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார், இருமல் நிற்காது, அதிமதுரமும் நிற்காது. நோயாளி செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டிருப்பார். "இருமலுக்கு அதிமதுரம் சுவைக்கிறேன் ஐயா" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் மருத்துவர் மாத்திரையை மாற்றி எழுதியிருப்பார், சிக்கல் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. நாட்டு மருந்தை மருத்துவரிடம் சொன்னால் கடிந்துகொள்வார் என்னும் அச்சம், அவரும் கேட்பதில்லை. நான் அதிமதுரத்தை இகழ்கிறேன் என்று எவரும் சண்டைக்கு வரவேண்டா. ஆற்றலுள்ள பொருள் என்பதனாலேயே அது இவ்வாறு செய்கிறது.

மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலிநீக்கி மாத்திரைகள் இதனினும் கொடியவை. ஐபுபுரோபன், டைக்குளோபினாக்கு போன்றவை அழுத்தத்தை ஏற்றும்; தெல்மிசார்த்தனோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் முதியவரின் சிறுநீரகத்தைச் சில நாளிலேயே பழுதாக்கவும் கூடும். உப்புக் குறைக்க வேண்டுமென்று சிலர் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குகின்றனர்; அதில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். எனலாபிரிலோ தெல்மிசார்த்தனோ உண்பவர், அதிலும் சிறுநீரகம் தளர்ந்தவர், மருத்துவரைக் கேளாமல் அதைத் தொடலாகாது. அவர்க்கு நாள்தோறும் இளநீர் என்பதும் அவ்வாறே. இளநீரில் தீங்கென்ன என்பீர்; அதிலும் பொட்டாசியம் மிகுதி, அவ்வளவே. அடுப்படியில் குறைக்கவேண்டியது ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும். ஒருநாளைக்கு உப்பு 5 கிராமுக்கு மேல் வேண்டா என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து.

ஒருவேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக விழுங்கலாகாது. அம்லோடிபின் உடலில் நீண்டநேரம் தங்குவது. ஒரு வேளை தவறியதனால் மலை சரிந்துவிடாது. ஆனால் அதெனலால் வகையைத் திடீரென்று அறவே நிறுத்துதல் இடர். தளைத்து வைத்திருந்த துடிப்பு துள்ளியெழும். நெஞ்சுவலிக்காரர்க்கு அதனால் உயிருக்கே கேடு நேரலாம். மெல்லக் கரையும்படி செய்த மாத்திரைகளை நுணுக்கியோ மென்றோ உண்ணுதல் கூடாது. ஒருநாள் முழுதும் கரையவேண்டியது ஒரே நொடியில் இறங்கிவிடும். அழுத்தம் மிகுந்துவிட்டதென்று நிபெடிபின் உறையைக் கிள்ளி நாவின்கீழ் ஊற்றும் வழக்கமும் முன்பு பரவலாக இருந்தது. அழுத்தம் மளமளவென்று வீழ்ந்து மூளைக்கும் நெஞ்சுக்கும் குருதி போதாமல் தீங்கு விளைந்தமையால், அதைக் கைவிட வேண்டுமென்று அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 1996இலேயே எழுதினர். மெல்ல ஏறிய அழுத்தம் மெல்லவே இறங்கவேண்டும். அளக்கும்போதும் அமைதி வேண்டும். ஐந்து நிமையம் சாய்ந்தமர்ந்து, காலை நிலத்திலூன்றி, கையை நெஞ்சளவில் தாங்கி அளக்கவேண்டும். ஓடிவந்த மூச்சோடு அளந்த எண்ணை வைத்து மருந்தைக் கூட்டுவது பிழை.

இவையெல்லாம் பெரிய மறைபொருள்களா? அல்லவே. ஐந்தாம் வகுப்புப் படித்தவர்க்குத் தாய்மொழியில் சொன்னால் விளங்குவன. சொல்லுவதில்லை என்பதே குறை. ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் இயற்றிய மருந்து நெறிமுறை, எந்நாட்டில் மருந்து விற்கப்படுகிறதோ அந்நாட்டின் ஆட்சிமொழியில் அதன் மேலட்டையும் உள்ளிருக்கும் விளக்கத்தாளும் அமையவேண்டும் என்கிறது. எசுத்தோனியா என்னும் நாட்டின் மக்கள்தொகை 14 இலக்கத்தைத் தொடாது. அங்கே மருந்துப் பெட்டியைத் திறந்தால் எசுத்தோனிய மொழியில் விளக்கத்தாள் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே ஏழு கோடியைத் தாண்டிய தமிழ்நாட்டில், தமிழை ஆட்சிமொழியாக்கி 1956இல் சட்டமியற்றிய தமிழ்நாட்டில், கடைமருந்தின் அட்டையில் தமிழ் காண்பது அரிது. 2023 ஆகத்து 1 முதல் மிகுதியாக விற்கும் 300 வணிகப்பெயர் மருந்துகளில் கைப்பேசியால் படிக்கத்தக்க கட்டக்குறி அச்சிடவேண்டும் என்று இந்திய அரசு விதித்தது; போலி மருந்தைக் கண்டறிய அது நல்ல ஏற்பாடே. பொறி படிப்பதற்கு அட்டையில் இடமிருக்கிறது. உண்பவள் படிப்பதற்கு இல்லை.

தமிழில் மருத்துவம் சொல்ல இயலாது என்பாரிடம் மானிப்பாயைச் சுட்டிக் காட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் அங்கே மேலை மருத்துவத்தைத் தமிழ்வழியிலேயே கற்பித்தார். உடற்கூறும் அறுவையும் பிள்ளைப்பேறும் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். அயலார் ஒருவர்க்கு முடிந்தது நமக்கு முடியவில்லை!

ஒன்றில் மட்டும் நம் தோழர்களோடு மாறுபடுகிறேன். மருந்தின் பெயரையே தமிழாக்கிவிட வேண்டும் என்பார் உளர். வேண்டா. அம்லோடிபின் என்பதற்கு எவ்வளவு அழகிய தமிழ்ப்பெயர் புனைந்தாலும், அப்பெயரோடு தஞ்சாவூரிலோ தில்லியிலோ சிங்கப்பூரிலோ மருத்துவமனைக்குப் போனால் எவர்க்கும் விளங்காது. விளங்காத பெயர் மருந்தில் நஞ்சுக்கு நிகர். அமிலோரைடு என்று வேறொரு மருந்துண்டு. அம்லோடிபினோடு அது குழப்பப்பட்ட நேர்வுகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. ஓரெழுத்துப் பிசகே இப்பாடு படுத்தும் இடத்தில் நாம் புதுப்பெயர் சூட்டி விளையாடலாகாது. பெயர் உலகப்பெயராகவே இருக்கட்டும், எழுத்து தமிழாகட்டும். எதற்கு, எப்பொழுது, எத்தனை, என்ன நேர்ந்தால் மருத்துவரிடம் ஓடிவரவேண்டும் என்பவை நல்ல தமிழாகட்டும். மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், கூடுமாயின் பெரிய எழுத்திலும் எழுதவேண்டும் என்று அந்நாளைய இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதி திருத்தியது. அதனோடு தமிழில் ஒரு வரி எழுத மருத்துவர் கை நோகாது. அரசு ஆணையிடும்வரை காத்திராமல் நம் அன்பர்கள் தத்தம் ஊர் மருத்துவரிடமும் கடைக்காரரிடமும் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

அத்தை வீட்டிலிருந்து திரும்புமுன் ஒரு தடித்த அட்டையில் நானே எழுதிக் கொடுத்தேன். "அதெனலால் 50, அம்லோடிபின் 5 - இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. காலையில் ஒன்று. குருதியழுத்தத்துக்கு. தலைசுற்றல், நாடி மிகத் தளர்தல், மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவரிடம். தானே நிறுத்தலாகாது. மூட்டுவலி மாத்திரை கேளாமல் உண்ணலாகாது." அதன்கீழ், அட்டையிலுள்ள ஆங்கிலப் பெயரையும் அதே வடிவில் பெரிதாக எழுதினேன், எழுத்து தெரியாவிடினும் உருவத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று.

சென்ற திங்கள் கடைக்காரர் மீண்டும் வேறொரு நிறத்து அட்டையை நீட்டியிருக்கிறார். இப்போது பெயரனை அனுப்பாமல் அத்தையே நேரில் போகிறார். அட்டையைக் கையில் வாங்காமல், "இது என்ன மருந்தென்று இதன்மேலேயே தமிழில் எழுதிக் கொடு, தம்பி, அப்புறம் காசு எடுக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே தூவலை எடுத்தாராம். எழுதியதில் 'அம்லோடிபின்' என்பதற்கு 'அமுலோடிபின்' என்று ஓர் எழுத்து மாறிவிட்டதாம். அதையும் திருத்தச் சொல்லி வாங்கி வந்திருக்கிறார் அத்தை.